கால் ஊன்றும் பழக்கத்தை விடுங்கள்: பனியாற்றில் ஸ்னோமொபைலும் நடையும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு, வேகம் குறைந்தாலே கால் தானாகத் தரையைத் தேடும். இங்கே அது உயிரைக் காக்கும் பழக்கம். பனியாற்றில், அதாவது மெல்ல நகரும் ஐஸ் ஆற்றில், பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டும்போது அதே பழக்கம் முட்டியைத் திருகிவிடும். ஊன்றிய கால் பனிக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். கால் டன் எடையுள்ள வண்டி அதன்மேல் சாயும். முதல்முறை போகிற நம்மூர்க்காரர்கள் குளிரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். குளிருக்கு உடுப்பு கிடைக்கும். சாலைப் பழக்கங்களைத்தான் கிளம்புவதற்கு முன் கழற்றி வைக்க வேண்டும்.

எந்தப் பனியாறு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குல்மார்க்கில் ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டலாம், ஆனால் அது பனி விழுந்த மலைச்சரிவு; பனியாறு இல்லை. கங்கோத்ரிப் பனியாற்றின் முகமான கோமுக் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலேயே வாழ்கிற ராயபுரத்துக்காரர் நேராக அங்கே ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும். அனுமதிச் சீட்டு வேறு வாங்க வேண்டும். அங்கே ஸ்னோமொபைலும் கிடையாது. வண்டியும் நடையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் ஐஸ்லாந்துதான் வசதி. அந்த நாட்டின் இரண்டாவது பெரிய பனிக்கவிகையான (மலைகளைக் குடைபோல் மூடிய பெரும் ஐஸ் போர்வை) லாங்யோகுலின் உச்சியே சுமார் 1,450 மீட்டர்தான், நம் ஏற்காட்டு உயரம். மூச்சுத் திணறல் கவலை இல்லை. அதனால் இந்தக் குறிப்புகள் ஐஸ்லாந்தை வைத்தே எழுதப்பட்டவை: ஒரு நாள் லாங்யோகுலில் வண்டி, இன்னொரு நாள் தென்கரையில் சோல்ஹெய்மாயோகுலில் நடை.

மார்ச், ஏப்ரல் நல்ல காலம். பனி ஆழமாக இருக்கும். பகல் வெளிச்சம் 10 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். டிசம்பரில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் 4, 5 மணி நேரம்தான் வெளிச்சம். கோடையில் இரவே இல்லாத அளவுக்கு வெளிச்சம் உண்டு, ஆனால் பனியாற்றின் மேற்பரப்பு இளகிச் சேறுபோல் இருக்கும். எந்த மாதம் போனாலும் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் சுற்றுலாவைக் காலையில்தான் ரத்து செய்வார்கள். அன்று மாலையே விமானம் என்றால் அவ்வளவுதான்.

காகித வேலை

ஐஸ்லாந்து, ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் இருக்கிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விசாவுக்காக எடுக்கும் மலிவான பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. “வழிகாட்டியுடன் ஸ்னோமொபைல் ஓட்டுவது, வழிகாட்டியுடன் பனியாற்றில் நடப்பது இரண்டுக்கும் காப்பீடு உண்டா?” என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். போனில் முகவர் சொல்லும் “அதெல்லாம் வரும் சார்” எதற்கும் உதவாது.

ஸ்னோமொபைலை ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்குத் தேவையில்லை. எல்.எல்.ஆர். எடுபடாது. மொபைலில் காட்டும் டிஜிட்டல் நகலை நம்பிப் போகாமல் அட்டையையே கொண்டுபோங்கள். இருசக்கர உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள், அது போதுமா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: வண்டிக்குச் சேதம் வந்தால் ஓட்டியவர் தலையில் அதிகபட்சம் எவ்வளவு விழும்? அந்தத் தொகை கையெழுத்துப் போடும் தாளில் இருக்கும். பனிக்கு நடுவே, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, அவசரத்தில் அதைப் படிப்பவர் யாரும் இல்லை. கட்டணம் பொதுவாக இருவர் ஒரு வண்டி என்ற கணக்கில் இருக்கும். தனியாக ஓட்ட வேண்டும் என்றால் கூடுதல் பணம்.

உடம்பையும் சாமானையும் இங்கேயே சோதிப்பது

வடசென்னையில் மேடு என்று சொன்னால் மேம்பாலம்தான். பரவாயில்லை. பனியாற்று நடையில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடையும் முட்டியும் அடிவாங்கும், அதற்குப் படிக்கட்டு போதும். நாலு மாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்றில், 5 கிலோ பையுடன் 10 முறை ஏறி இறங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். ஏறும்போது வேகம் எப்படியும் இருக்கட்டும், இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முட்டியைச் சற்று மடக்கி நிதானமாக இறங்குங்கள். வாரம் ஒருமுறை எண்ணூர்க் கடற்கரையில் ஈரம் படாத மணலில் ஒரு மணி நேரம் நடந்தால், இளகிய பனியில் நடப்பதன் அலுப்பு பாதி புரிந்துவிடும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின்மேல் பயிற்சி வேண்டாம். பாசி வழுக்கி அங்கேயே கால் முறிந்தால் பயணம் ராயபுரம் ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடும்.

பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும், நீர் புகக்கூடாது, அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். முன்பாதியையும் குதிகாலையும் பிடித்து வளைத்தால் செருப்புபோல் மடங்குகிற எதுவும் கிராம்பானுக்கு (ஐஸில் நடக்கப் பூட்ஸின் அடியில் கட்டும் உலோக முள் சட்டம்) ஆகாது. நடக்க நடக்கக் கழன்று வரும். வாங்கியதும் குறைந்தது 40 கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பூட்ஸை வாடகைக்குத் தருகின்றன. நல்ல பூட்ஸ் வாங்க மனசில்லாவிட்டால், மட்டமானதை வாங்குவதைவிட வாடகை மேல்.

உடுப்பில் விதி ஒன்றுதான்: பருத்தி கூடாது. பனியன், ஜட்டி, ஜீன்ஸ், சாக்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நம் வெயிலுக்கு அருமையான துணி அங்கே எதிரியாவது அதனால்தான். உடலை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிடைக்கும் அக்ரிலிக் ஸ்வெட்டர் நடு அடுக்குக்குத் தாராளமாகப் போதும். காசை வெளி ஜாக்கெட்டில் போடுங்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாத்ரூம் ஷவரின் கீழ் 10 நிமிடம் நில்லுங்கள். தோள் தையலிலும் ஜிப்பிலும் ஈரம் கசிந்தால் கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

கையுறைக்கு ஒரு சோதனை, காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு எளிது. மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பை உடைத்த ஐஸ் வாங்கி வாளியில் கொட்டுங்கள். கையுறை போட்ட கைகளை அதற்குள் 10 நிமிடம் புதைத்து வையுங்கள். பிறகு, கையுறையைக் கழற்றாமலேயே பையின் கொக்கியை மாட்டி, ஒரு நாடாவை முடிந்து பாருங்கள். முடியவில்லை என்றால் பனியாற்றில் கிராம்பான் நாடாவையும் கட்ட முடியாது. மெல்லிய உள்கையுறை ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று என்பதே சரியான தீர்வு. காலுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதிர்மாறு. இரண்டு சாக்ஸ் போட்டுப் பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், விரலை ஆட்ட இடம், அவ்வளவே.

பெண்கள் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட்டுப் போவது நல்லது. விறைத்த பூட்ஸுக்குள் மெட்டி விரலை அறுக்கும். உலோகம் குளிரையும் நேராகத் தோலுக்குக் கடத்தும். கம்மலுக்கும் இது பொருந்தும், ஹெல்மெட் வேறு அழுத்தும். பின்னலை ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். துப்பட்டா, சால்வை, தொங்கும் மஃப்ளர் எதுவும் வேண்டாம். வண்டியின் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டையான ட்ராக்கில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும். கழுத்துக்குக் குழாய் வடிவப் பஃப் போதும்.

வெயில் இல்லாத ஊர் என்று கண்ணாடியை விட்டுப் போகாதீர்கள். புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அத்திப்பட்டு உப்பளத்தில் நண்பகலில் கண் கூசுவதுபோல்தான். கண்ணின் மேற்பரப்பு வெந்துபோவது அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்க்ரீனைத் தாடையின் அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் தடவ வேண்டும், ஏனென்றால் ஒளி கீழிருந்தும் வருகிறது. கறுத்த தோலும் தீயும்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. குளிரில் குளுக்கோமீட்டரும் பிழை காட்டும். ஆஸ்துமா இன்ஹேலருக்கும் அதே இடம்தான். கர்ப்பிணிகளை ஸ்னோமொபைலில் ஏற்ற மாட்டார்கள். முதுகுத் தண்டில் பிரச்சினை உள்ளவர்கள் தாங்களே விலகிக்கொள்வது நல்லது. இறுகிய பனியில் வண்டி குதிப்பது பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளங்களுக்குக் குறைந்ததில்லை.

வண்டி

ரெய்க்யாவிக்கிலிருந்து குல்ஃபோஸ் அருவிவரை சுமார் இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருந்து பெரிய டயர் போட்ட மலைவண்டியில் பனியின் ஓரத்து முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். முகாமில் தடித்த முழுவுடுப்பும் ஹெல்மெட்டும் கையுறையும் தருவார்கள். அதை மாட்டுவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். பனியின்மேல் அதற்கு இடம் கிடையாது, அந்த உடுப்பைக் கழற்றுவதற்குள் பாதிப் பயணம் முடிந்துவிடும்.

ஸ்னோமொபைலில் கியரும் இல்லை, கிளட்ச் லீவரும் இல்லை. முன்னால் இரண்டு சறுக்குப் பட்டைகள் திசை காட்டும். பின்னால் ஒரு ரப்பர் ட்ராக் தள்ளும். வலது கைக்கட்டைவிரலால் அழுத்தும் லீவர் ஆக்சிலரேட்டர். இடது கையில் பிரேக். ஸ்கூட்டி ஓட்டுபவருக்கு இடது கைப் பிரேக் பழக்கம்தான். பைக்காரருக்குத்தான் சிக்கல், அவருடைய இடது கை கிளட்சைத் தேடும். அதைவிட ஆபத்தானது வலது கை. பயந்தால் கை தானாக இறுகும். இங்கே பைக்கில் முறுக்கைப் பிடித்து இறுக்கினால் ஒன்றும் ஆகாது. அங்கே இறுகும் கையோடு கட்டைவிரலும் அழுந்தி வண்டி பாயும். கிளம்பும் முன் நின்ற வண்டியிலேயே பத்து முறை, “கட்டைவிரலைத் தூக்கு, இடது கையை அழுத்து” என்று செய்து பாருங்கள்.

வண்டியை எடுக்கும் ஒழுங்கு இது. முதலில் இன்ஜின் அணைந்திருக்கும்போதே கட்டைவிரல் லீவரை முழுக்க அழுத்தி விடுங்கள். டக்கென்று திரும்பி வர வேண்டும். ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டால் மெதுவாக வரும், அப்படி வந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், ஏறாதீர்கள். அடுத்து, சுருள் கயிற்றின் ஒரு முனையை உங்கள் உடுப்பில் மாட்டுங்கள். நீங்கள் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இன்ஜினை நிறுத்தும். சிவப்பு நிறுத்துப் பொத்தான் எங்கே என்று பார்க்காமலே தொட்டுப் பழகுங்கள். பார்க்கிங் பிரேக் விடுபட்டிருக்கிறதா பாருங்கள். அதை மறந்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாடை வரும்.

கிளம்பும்போது ஒரு விசித்திரம். லேசாக அழுத்தினால் வண்டி நகராது, சத்தம் மட்டும் ஏறும். உள்ளே பெல்ட்டால் இயங்கும் கிளட்ச், இன்ஜின் ஓரளவு வேகமாகச் சுற்றத் தொடங்கிய பிறகே கவ்வும். பொறுமை இழந்து ஓங்கி அழுத்துபவர் முன் வண்டியின் முதுகில் போய் மோதுவார். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, கவ்வும் இடத்தை விரலில் உணர்ந்து, அங்கேயே ஒரு கணம் நிறுத்துங்கள். அதற்காக அரைகுறைக் கவ்வலிலேயே ஊர்ந்துகொண்டிருக்கவும் கூடாது, பெல்ட் வழுக்கிச் சூடேறும். ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும்.

நிறுத்துவதற்குப் பெரும்பாலும் பிரேக்கே வேண்டாம். கட்டைவிரலைத் தூக்கினாலே வேகம் வடிந்துவிடும். கண்ணாடிபோன்ற ஐஸில் பிரேக்கை ஓங்கிப் பிடித்தால் ட்ராக் நின்றுபோகும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும்.

திருப்பத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சறுக்குப் பட்டைகளின்மேல் எடை இருந்தால்தான் அவை பனியைக் கடித்துத் திரும்பும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் எடை பின்னுக்குப் போய் முன்பக்கம் லேசாகிவிடும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், இருக்கையில் முன்னால் நகருங்கள், திரும்பும் பக்கம் உடம்பைச் சாயுங்கள், அப்புறம் லேசாக அழுத்துங்கள். பின்னால் இருப்பவரும் அதே பக்கம் சாய வேண்டும். ஓட்டுபவரைக் கட்டிப்பிடிப்பதைவிட, இருக்கைப் பக்கத்துப் பிடிகளைப் பிடித்தால் இருவருக்கும் நல்லது.

சரிவில் குறுக்காகப் போகும்போது மேட்டுப் பக்கம் சாய வேண்டும். வண்டி கவிழப் போகிறது என்று தெரிந்தால் காலை ஊன்றாதீர்கள். கட்டைவிரலை எடுத்துவிட்டு, மேட்டுப் பக்கமாகக் குதித்து விலகுங்கள். பனி மெத்தைதான். வண்டியைத் தாங்கிப் பிடிக்கப் போவதே எலும்பை முறிக்கும்.

வண்டி புதைந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த ட்ராக் தனக்கே குழி தோண்டும். உடனே விடுங்கள். வழிகாட்டி வந்து முன்னாலிருக்கும் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, பட்டைகளின் வளையத்தைப் பிடித்துத் திருப்பி வெளியே எடுப்பார். ஓடும் ட்ராக்குக்குப் பின்னால் எந்தக் காரணத்துக்கும் நிற்காதீர்கள். ஐஸ் கட்டியும் கல்லும் தெறிக்கும். பனி மூடாத வெறும் ஐஸில் நெடுநேரம் ஓட்டினால் இன்ஜின் சூடேறுவதும் உண்டு. ட்ராக் வாரியடிக்கும் பனித்தூள்தான் இந்த வண்டிக்கு ரேடியேட்டர் தண்ணீர் மாதிரி.

வரிசையை விட்டு விலகக்கூடாது என்று வழிகாட்டி பத்து முறை சொல்வார். ஓவர்டேக் செய்யாமல் இருக்க நமக்குக் கஷ்டம்தான், ஆனால் காரணம் போக்குவரத்து ஒழுங்கு இல்லை. மேலே வெள்ளையாகப் பரந்து கிடக்கும் பனிக்கு அடியில் பிளவுகள் ஒளிந்திருக்கும். முன்னால் போனவரின் தடம் சோதிக்கப்பட்ட தடம். பக்கத்தில் இரண்டு மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதிலேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. வண்டியின் எடை ட்ராக்கிலும் பட்டைகளிலும் பரவிவிடுகிறது. 70 கிலோ ஆள் ஒரு காலை ஊன்றும்போது அந்த 70 கிலோவும் ஒரு சாண் இடத்தில் இறங்குகிறது. கட்டுமரம் கிடக்கும் ஈர மணலில் கட்டுமரம் புதையாது, பக்கத்தில் நிற்பவரின் குதிகால் புதையும், அதே கணக்கு. வண்டி பத்திரமாகக் கடந்த பனிப்பாலம் (பிளவை மூடிக் கிடக்கும் பனி), இறங்கி நிற்பவரை உள்ளே விட்டுவிடக்கூடும். வழிகாட்டி “இறங்கலாம்” என்று சொல்லும்வரை இறங்காதீர்கள். இறங்கினாலும் போட்டோவுக்காகப் பின்னோக்கி நடக்காதீர்கள்.

திடீரென்று மூடுபனி சூழ்ந்து மேலும் கீழும் ஒரே வெள்ளையாகி, முன் வண்டியின் சிவப்பு விளக்கு மறைந்தால், தடத்திலேயே நில்லுங்கள். விளக்கு எரியட்டும். தேடிப் போகாதீர்கள், திரும்பவும் வேண்டாம். வழிகாட்டி தன் தடத்தைப் பிடித்துத் திரும்பி வருவார்.

குளிரைப் பற்றி இங்கே ஒரு கணக்கு. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓட்டினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 14 டிகிரிபோல் உறைக்கும். அதனால் முகத்தில் ஒரு விரல்கடை இடைவெளிகூட விடக்கூடாது. கைப்பிடியில் சூடேற்றும் வசதி இருக்கும். எடுத்த எடுப்பில் முழுச்சூட்டில் வைத்தால் உள்ளங்கை வியர்க்கும், அந்த ஈரமே பத்து நிமிடத்தில் விரலை விறைக்க வைக்கும். நடுநிலையில் வையுங்கள். ஹெல்மெட் கண்ணாடி மூச்சால் மங்கினால் உள்பக்கத்தைக் கையுறையால் துடைக்காதீர்கள், ஈரம் பரவி அப்படியே உறைந்துவிடும். ஒரு இழை திறந்து வைத்தால் தானே தெளியும்.

நடை

சோல்ஹெய்மாயோகுல் ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். மிர்தால்ஸ்யோகுல் பனிக்கவிகையிலிருந்து கீழே நீளும் நாக்கு அது. அந்தக் கவிகைக்கு அடியில் 1918-இல் வெடித்த கட்லா எரிமலை இருக்கிறது. பனியில் கறுப்புக் கோடுகளும் கறுப்புக் கூம்புகளும் தெரிவது எரிமலைச் சாம்பலால். சாம்பல் தடிமனாகப் படிந்த இடத்தில் வெயில் உறைக்காது, சுற்றிலும் உருக அது மட்டும் மேடாக நிற்கும். கூம்பைப் பார்த்துக் கல் என்று நினைத்துக் காலை வைத்தால், ஒரு விரல்கடைச் சாம்பலுக்குக் கீழே சுத்த ஐஸ், வழுக்கும்.

நிறுவனம் தருவது கிராம்பான், பனிக்கோடாலி, ஹெல்மெட், கயிற்றை மாட்டுவதற்கான இடுப்புப் பட்டை (ஹார்னஸ்). ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சங்கிலி முள் பட்டை கார் நிறுத்துமிடத்து ஐஸுக்கு உதவும், பனியாற்றுக்கு உதவாது. கிராம்பானைச் சமதளத்தில், நின்றுகொண்டு குனிந்து மாட்டுவதைவிட ஒரு முட்டியை மடித்து மாட்டுங்கள். பூட்ஸ் அடியில் ஒட்டியிருக்கும் பனியைத் தட்டிவிடுங்கள். கொக்கிகள் இரண்டு காலிலும் வெளிப்பக்கம் வர வேண்டும்; உள்பக்கம் வந்தால் இடது வலது மாறிவிட்டது என்று பொருள். நீளம் சரியாக இருந்தால் நாடா கட்டாமலே காலைத் தூக்கினாலும் கிராம்பான் தொங்கிக்கொண்டு வரும். நாடாவை இறுக்கி, மிச்ச நுனியைச் செருகிவிடுங்கள். தொங்கும் நுனியை மறு காலின் முள் மிதித்துத்தான் முதல் விழுகை வரும். 10 நிமிடம் நடந்ததும் நின்று மறுபடி ஒருமுறை இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

நடப்பது எப்படி? வழுக்கும் தரையில் நாம் குதிகாலையோ விரலையோ பதித்துப் பூனைபோல் நடப்போம். கிராம்பானில் அது தவறு. உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும், எல்லா முள்ளும் ஒன்றாக இறங்க வேண்டும். காலை இழுக்காமல் தூக்கி வையுங்கள், லேசாகக் குத்துங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் முள் மறு காலின் பேன்ட்டைக் கிழித்துக் கவிழ்த்துவிடும். தொளதொள பேன்ட் இதனால்தான் கூடாது. ஏறும்போது பாதங்களை வாத்துபோல் வெளிப்புறம் திருப்புங்கள். இறங்கும்போது முட்டியை மடக்கி, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பைத் தாழ்த்தி, எடையைப் பாதத்தின்மேல் வையுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் முன் முட்கள் கழன்று அப்படியே சறுக்குவீர்கள். ஹவுசிங் போர்டு படிக்கட்டு பலன் தரும் இடம் இதுதான்.

ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டிக்கொண்டால் முள் பனியையே தொடாது. கால் கனப்பதை உணர்ந்த உடனே கோடாலிக் காம்பால் பூட்ஸ் ஓரத்தைத் தட்டி உதிருங்கள். கோடாலியை மேட்டுப் பக்கக் கையில், தலையைப் பிடித்து, காம்பின் கூர்முனை கீழே இருக்க, தலையிலுள்ள நீண்ட அலகு பின்னால் பார்க்கப் பிடிக்க வேண்டும். சறுக்கி விழுந்தால் கிராம்பான் போட்ட கால்களைப் பனியில் ஊன்றாதீர்கள். முள் மாட்டி உடம்பைக் குட்டிக்கரணம் போட வைக்கும், கணுக்கால் முறியும். குப்புறத் திரும்பி, முட்டியை மடக்கிப் பாதங்களை மேலே தூக்கிக்கொண்டு, கோடாலி அலகை மார்பெடையால் அழுத்தித்தான் நிற்க வேண்டும். இங்கேயும் கால் ஊன்றக்கூடாது என்பதைக் கவனியுங்கள்.

நாக்குப் பகுதியில் கயிறில்லாமல் கூட்டிப்போகிறார்களே என்று சிலர் பதறுவார்கள். பனி போர்த்தாத வெறும் ஐஸில் பிளவுகள் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். கயிறு கட்டினால் ஒருவர் வழுக்கி எல்லாரையும் இழுத்துவிடும் அபாயம்தான் கூடும். பனி போர்த்திய மேற்பகுதியில் நிலைமை வேறு. அங்கே 10 மீட்டர் இடைவெளியில் கயிற்றால் பிணைத்துப் போவார்கள், கயிறு தரையை லேசாகத் தொடும் அளவுக்குத் தளர்வாக இருக்கும். அதைக் கையில் சுருட்டிப் பிடிக்காதீர்கள். யாராவது உள்ளே போனால் மற்றவர்கள் உடனே உட்கார்ந்து பிடியை ஊன்றி அங்கேயே இருக்க வேண்டும். எட்டிப் பார்க்க விளிம்புக்குப் போவதுதான் இரண்டாவது ஆளையும் உள்ளே தள்ளும்.

பிளவுகள் பொதுவாக 30, 40 மீட்டர் ஆழத்துக்குமேல் போவதில்லை. அதற்குக் கீழே அழுத்தத்தில் ஐஸ் பாகுபோல் நெகிழ்ந்து மூடிக்கொள்கிறது. உருகிய தண்ணீர் சுழன்று இறங்கும் செங்குத்துக் கிணறுகளுக்கு மூலான் என்று பெயர். இவற்றுக்கு அந்த எல்லை இல்லை, அடிவரை போகலாம். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் திசையில் எட்டிப் பார்க்க ஆசை வரும். அதன் வாய் ஓரம் ஈரமாகி வழவழப்பாக இருக்கும், வழிகாட்டி பிடித்துக்கொள்ளாமல் எட்டக்கூடாது. நீலமாகத் தெரியும் ஐஸ் பழையது. காற்றுக்குமிழிகள் நசுங்கி வெளியேறியதால் சிவப்பொளியை உறிஞ்சி நீலத்தை விடுகிறது. அது கெட்டி, முள்ளை ஓங்கிக் குத்த வேண்டும். வெள்ளையாகப் பொருபொருவென்று இருப்பதில் நடப்பது எளிது.

இயற்கைப் பனிக்குகைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரையே போங்கள். 2024 ஆகஸ்ட்டில் ஐஸ்லாந்தின் பிரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் ஐஸ் சரிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். கோடையில் குகைக்குக் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் மலிவு விலையைப் பார்க்காதீர்கள். லாங்யோகுலில் 2015-இல் திறந்த குடைவுப் பாதை மனிதர் தோண்டியது, அது வேறு கணக்கு.

குளிர் ஏறுவதற்கு அடையாளங்கள் நான்கு: நடுக்கம், நாக்குக் குழறல், கைத் தடுமாற்றம், கால் தடுமாற்றம். கொக்கி மாட்டத் திணறும் ஆள், “ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னால் நம்பாதீர்கள். காற்றுப்படாத இடத்தில் உட்காரவைத்து, ஈரத்தை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் பையில் இருக்கட்டும். மது கூடாது. வெளுத்து மரத்த விரலைத் தேய்க்காதீர்கள், அக்குளில் வையுங்கள். அங்கேயும் அவசர எண் 112 தான். போனை உள்சட்டையில் வைத்திருந்தால்தான் பேட்டரி உயிரோடு இருக்கும்.

திரும்பி வந்த பிறகு

சாமானைப் பயணம் கெடுப்பதைவிட நம்மூர்ப் புழுக்கம் அதிகம் கெடுக்கும். ஈரமாகச் சுருட்டி வைத்த ஜாக்கெட்டின் உள்பூச்சு ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். நிழலில் காயவைத்து, மடிக்காமல் கொடியில் தொங்கவிடுங்கள். பூட்ஸை அட்டைப்பெட்டியில் மூடி லாஃப்டில் போடாதீர்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருக்கும், வெளியே புதுசுபோல் தெரியும். உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காற்றோட்டமான அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வாருங்கள். அடுத்த பயணத்துக்கு எடுக்கும்போது குதிகாலுக்கு மேலே, அடிப்பாகமும் தோலும் சேரும் கோட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் கடையில் புது அடி போட்டுக்கொள்ளலாம், அல்லது அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.